வாடகை வீட்டுக்கு ஒரு தேக்கு நிலை

திருநெல்வேலி டவுனில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றால், கடப்பாரை சுவரைத் தொடும் முன்பே நிலையும் கதவும் கிளம்பிவிடும். இடிப்பு வேலைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது மரத்தைத்தான். வாசல் நிலை எத்தனை கனம், உத்திரம் என்ன மரம், பட்டாசலில் தூண் உண்டா, ஜன்னல் கம்பி உருட்டா பட்டையா, மச்சுப் படி பலகையா கல்லா என்று வீட்டுக்குள் ஒரு நடை நடந்து வருவார். பேரம் அதற்குப் பிறகுதான். பல வீடுகளில் இடிப்புக் கூலி என்று வீட்டுக்காரர் கையிலிருந்து காசே இறங்காது. மரமும் இரும்பும் இடிப்பவருக்கு, காலி மனை வீட்டுக்காரருக்கு. மரம் நல்ல மரமாக இருந்தால் இடிப்பவரே மேற்கொண்டு பணம் தருவதும் உண்டு. வீட்டுக்காரருக்கு அது சும்மா வந்த லாபமாகத் தெரியும்.

கொஞ்ச நாளில் அதே மனையில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு வாடகை வீடு எழும்பும். அறைகளுக்கு ஃப்ளஷ் கதவு, குளியலறைக்கு பி.வி.சி. கதவு, கலப்பட உலோகத்தில் பளபளக்கும் கைப்பிடி. கழற்றிப் போன தேக்கு நிலை பழைய மரக்கடையில் கொஞ்ச காலம் சாய்ந்து நின்றுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள விடுதிக்கோ லாரி ஏறும். ஒரு ராத்திரி தங்க வருகிறவர் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளத் தேக்கு. நாள் முழுக்கத் திறந்து மூடுகிற குடித்தனக்காரருக்கு மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. இந்த ஏற்பாடு எனக்குத் தலைகீழாகப் படுகிறது. கனமான மரம் அதிகம் புழங்குகிற இடத்துக்குத்தானே போக வேண்டும்?

கரிசல் காட்டு இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனுக்குக் ‘கதவு’ என்றே ஒரு சிறுகதை உண்டு. தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு போகப்படுவது அதில் கதவுதான். பிள்ளைகள் ஏறி விளையாடிய கதவு. அந்தக் காலத்து அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு வீட்டில் விலைபோகிற சாமான் எது என்று. இன்று நாமே கழற்றிக் கொடுத்துவிட்டு ‘இடம் சுத்தமாயிற்று’ என்கிறோம்.

வாடகைக் குடித்தனம் நெல்லைக்குப் புதிதும் இல்லை. வளவு என்று சொன்னால் இங்கே விளக்கம் தேவைப்படாது. தெருவிலிருந்து ஒரே நடை, உள்ளே எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், பொதுவாக ஒரு கிணறு. ஒவ்வொரு வீட்டுக்கும் தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, அங்கணம். வளவுக்குச் சொந்தக்காரர் புறவாசலில் ஒரு சாய்ப்பு போட்டிருப்பார். அதற்குள் பழைய கைமரம், அடுக்கி வைத்த ஓடு, ஒற்றைக் கதவு, கீல் போன ஜன்னல், ஒரு கல்தொட்டி. மூன்றாம் வீட்டில் ஜன்னல் சட்டம் உளுத்தால் ஆசாரி நேரே சாய்ப்புக்குத்தான் போவார். கடைக்குப் போவது அதற்கு அப்புறம். பழசைத் திரும்பப் புழங்குவது அன்றைக்கு யாருக்கும் கொள்கை இல்லை, வாடகை வருமானத்துக்குள் மராமத்தை முடிக்கிற வழி. இன்றைய வாடகை வீட்டில் இல்லாமல் போனது அந்தச் சாய்ப்பு. மூன்று சென்ட் மனையில் நாலு வீடு, மாடிப்படிக்கு அடியில் இரண்டு பைக். பழைய சாமானை எங்கே வைப்பது என்ற கேள்வியிலேயே பாதிப்பேர் கையை உதறிவிடுகிறார்கள்.

சுண்ணாம்பு விடும், சிமெண்ட் விடாது

பழைய வீட்டில் எதைக் காப்பாற்றலாம் என்பதற்கு முதல் கேள்வி: அது எந்தச் சாந்தில் கட்டிய வீடு?

சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மெதுவானது. தட்டினால் முதலில் உதிர்வது சாந்து, கல் முழுசாகக் கையில் வரும். ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கொத்துக் கரண்டியால் செதுக்கிவிட்டால் போதும், அடுத்த சுவருக்குத் தயார். சிமெண்ட் சாந்து நாட்டுச் செங்கல்லைவிடக் கெட்டி. அங்கே இடித்தால் உடைவது கல், சாந்து அல்ல. ஆக, சிமெண்ட் வீட்டை இடித்தால் கிடைப்பது பெரும்பாலும் தரை நிரப்ப உதவும் இடிபாடு. சுண்ணாம்பு வீட்டை இடித்தால் கிடைப்பது இன்னொரு வீட்டின் சுவர்.

இந்தப் பள்ளத்தாக்கில் இந்த மாற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு தேதியே சொல்லலாம். கல்லிடைக்குறிச்சி எஸ்.என்.என். சங்கரலிங்கய்யரும் டி.எஸ். நாராயணசுவாமியும் 1946-இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 1949-இல் டவுனுக்கு வடக்கே தாழையூத்தில் ஆலையை ஓட்ட ஆரம்பித்தது. அதற்கு முன்னும் சிமெண்ட் இருந்தது. ஆனால் வீட்டுப் பக்கத்திலேயே மூட்டை மூட்டையாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு சுண்ணாம்புக் காளவாசல்கள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தாத்தா காலத்து வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு, அப்பா கட்டிய மாடி என்றால் சிமெண்ட். ஒரே வீட்டில் கீழே அது, மேலே இது என்றும் இருக்கும். இடிப்பவரிடம் பேசும்போது இதைத் தனித்தனியாகப் பேச வேண்டும்.

பழைய செங்கல்லை எங்கே வைப்பது என்பதில் கொத்தனார் பேச்சைக் கேட்பது நல்லது. அளவு ஒரே சீராக இருக்காது என்பதால் பெரும்பாலான கொத்தனார்கள் பூச்சு அதிகம் தின்னும் என்று முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். தடுப்புச் சுவர், சுற்றுச்சுவர், மாடிப்படிக்கு அடிச்சுவர் போன்றவற்றில் வைத்தால் அந்தச் சங்கடம் குறையும். கக்கூஸ் பக்கத்துச் சுவரிலிருந்தும் தரையை ஒட்டிய வரிசைகளிலிருந்தும் வந்த கல்லில் உப்பு ஏறியிருக்கும். வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்ததும் ஒதுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் புதுச் சுவரிலும் பெயின்ட் உரிந்துகொண்டே இருக்கும்.

இதில் மிச்சமாவது காசு மட்டும் இல்லை, ஆறும் மலையும்தான். தாமிரபரணியில் மணல் அள்ளியதற்கு எதிராக வழக்குப் போட்டுத் தானே வாதாடியவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு. 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆற்றில் மணல் எடுக்க ஐந்து ஆண்டு தடை விதித்தது. ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது. அதற்காக மலை உடைக்க வேண்டும். 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நாலு பேர் செத்துப்போனார்கள். புது வீடு கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே சுட்டு வைத்த கல்லை ராமையன்பட்டிக் குப்பை மேட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அதே வாரம் புதுக் கல்லுக்கும் சல்லிக்கும் முன்பணம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஒரு நிலைக்குள் இரண்டு நிலை

மரத்துக்கு வருவோம். பழைய மரம் கன அடிக் கணக்கில் விற்கும். அந்தக் கணக்கை வீட்டுக்காரர் தானே போட்டுப் பார்த்தால் பேரத்தில் ஏமாற மாட்டார்.

பழைய வாசல் நிலை ஒன்று ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், கட்டை ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால்கள், மேல்சட்டம், கீழ்ப்படி எல்லாம் சேர்ந்து நீளம் 21 அடி. மரம் மூன்றரை கன அடி. இன்றைக்கு வாடகை வீட்டு அறைக்கு வைக்கும் நிலை நாலுக்கு மூன்று அங்குலக் கட்டைதான், கீழ்ப்படியும் கிடையாது. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை கன அடி போதும். ஆறுக்கு நாலு கட்டையை நடுவே நீளவாக்கில் அறுத்தால் நாலுக்கு மூன்று இரண்டு கிடைக்கும். வாள் தின்னும் தூளைக் கழித்தாலும் ஒரு பழைய நிலையிலிருந்து இரண்டு புது நிலை, கீழ்ப்படிக் கட்டையில் ஒரு சின்ன ஜன்னலுக்குச் சட்டம். பழைய நிலையை இடிப்பவருக்குச் சும்மா கொடுப்பவர் உண்மையில் இரண்டரை சாமான் கொடுக்கிறார்.

ஆனால் எடுத்த எடுப்பில் அறுவை மில்லுக்குத் தூக்கிப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். நல்லா இருக்கிற நிலையை முழுசாகவே வாசலில் நிறுத்த வேண்டும். கூட்டுப் பிரிந்தது, ஒரு கால் உளுத்தது, வெடிப்பு ஓடியது, இவைதான் அறுப்புக்கு. மில்லுக்கு அனுப்பும் முன் ஆணி அத்தனையும் பிடுங்க வேண்டும். காலண்டர் மாட்டிய ஆணி, மாவிலைத் தோரணத்துக்கு அடித்த ஆணி, என்றைக்கோ முறிந்து உள்ளேயே நின்றுபோன ஆணி. ஒரு ஆணி மில் வாளின் பல்லைப் பறித்துவிடும் என்பதால் பல மில்களில் பழைய மரம் என்றாலே ‘வேண்டாம்’ என்பார்கள். காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

எந்த வீட்டு வேலையிலும் இந்தப் பேச்சு நடக்கும். வீட்டுக்காரர், “வாடகைக்கு விடப்போற வீட்டுக்கு எதுக்கு ஆசாரி இம்புட்டுக் கனத்துல நெலை?” என்பார். ஆசாரி, “அண்ணாச்சி, நீங்க குடியிருந்தா பதனமாத் தொறப்பிய. வாடகைக்கு வாரவுக பிள்ளைய மூணும் கதவுல ஏறி ஆடும்லா” என்பார். இதைவிட நல்ல வாதம் எனக்குக் கிடைக்கவில்லை. வாடகை வீட்டுக் கதவு சொந்த வீட்டுக் கதவைவிடக் கடினமாக உழைக்கிறது. ஒவ்வொரு குடித்தனம் மாறும்போதும் கட்டிலும் பீரோவும் அதன்மேல் இடித்துக்கொண்டு போகின்றன.

தேக்கா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒரு பக்கம் லேசாகச் செதுக்கி மோந்து பார்ப்பார் ஆசாரி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு தவிர வேங்கை, கோங்கு, அயினி, பலா என்று பலதும் வரும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, மலைமரம் இறங்கிய கணவாயின் வாசல். 1904-இல் திருநெல்வேலியிலிருந்து கொல்லம் வரை ரயிலும் ஓட ஆரம்பித்தது. கிழக்கே, தேரிக்காட்டுப் பக்கம் போனால் கைமரமெல்லாம் பனை. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் ஒழுகாத கூரைக்குக் கீழே தலைமுறை தாண்டும். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்த பிறகு, பனஞ்சட்டத்துக்கு நேர்மையான வழி பழைய கூரைதான்.

பழைய மரத்தின் பலம் அதன் வயசில் இருக்கிறது. மெள்ள வளர்ந்த மரத்தின் உள்வைரம் அது. இன்று கடையில் கிடைக்கும் இளமரத்தில் ஓரத்து வெள்ளைக்கட்டை அதிகம், செல் (கரையான்) முதலில் ஏறுவது அதில்தான். அதற்காகப் பழசு எல்லாம் இரும்பு என்று நினைக்க வேண்டாம். நிலையின் கால் தரைக்குள் புதைந்திருந்த கடைசி அரையடியைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். மேலே கல் மாதிரி இருக்கும், கீழே கத்தி பிடிவரை இறங்கும். உளுத்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு அதன் கீழே அரையடிக் கருங்கல் வைத்தால் இரண்டு காரியம் முடிகிறது: செல்லுக்கு மண் தொடர்பு அறும், உயரமும் கிடைக்கும்.

உயரம் என்பது சின்ன விஷயம் அல்ல. பழைய உள்நிலைகள் குனிந்து நுழையச் சொல்பவை. குளிர்ச்சாதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் சாய்த்தாலும் நுழையாத அகலம். அப்படிப்பட்ட நிலையை வாடகை வீட்டின் நடைவழியில் வைத்துவிட்டு ‘பாரம்பரியம்’ என்று சொன்னால் குடிவருகிறவர் மனசுக்குள் வைவார். குட்டை நிலைகளை மச்சுக்கோ சாமி அறைக்கோ அனுப்பலாம், அல்லது அலமாரிக்குச் சட்டமாக்கலாம். இரட்டைக் கதவில் ஒரு பலகை நல்லது, மற்றது போனது என்றால், அந்த ஒற்றைப் பலகை அடுக்களை அலமாரிக்கு அளவாக வரும்.

அப்புறம் நாதாங்கி. பழைய கதவில் கொண்டி, நாதாங்கி, மேல்தாழ்ப்பாள் எல்லாம் அடித்துச் செய்த இரும்பு அல்லது பித்தளை. இவற்றைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு உள்பூட்டு வைப்பதுதான் இப்போது வழக்கம். வாடகைக்கு அது உதவாத வழக்கம் என்பது என் கட்சி. உள்பூட்டின் சாவி எத்தனை பேர் கையில் போய் வந்தது என்று யாருக்குத் தெரியும்? புதுக் குடித்தனம் வரும்போதெல்லாம் பூட்டை மாற்ற வேண்டும். கொண்டி நாதாங்கி என்றால் வருகிறவர் தன் பூட்டோடு வருவார், போகிறவர் தன் பூட்டோடு போவார். ராத்திரி உள்ளே போட ஒரு தாழ்ப்பாள். முடிந்தது.

வேலையைத் தொடங்கும் மாசமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், கதவு நிலையில் இறுகும். அப்போது அவசரப்பட்டு இழைப்புளி போட்டுச் சீவினால் சித்திரையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகும். பழைய கதவைப் புது நிலையில் பொருத்துவதானால் பங்குனிக்குப் பிறகு.

ஓடும் தரையும் சீக்கிரம் முடிந்துபோகிற பேச்சு. மங்களூர் ஓட்டை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள், கணீரென்றால் நல்லது, செத்த சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு. பாசியைத் தேய்த்துக் கழுவிப் போட்டால் மொட்டைமாடிச் சாய்ப்புக்கு ஆகும். பாபநாசம் பக்கம் குரங்குக்கு இந்தப் பரிசோதனையெல்லாம் கிடையாது, எல்லா ஓட்டையும் ஒன்றாகவே பாவிக்கும். கடப்பாக் கல் பலகையைத் திருப்பிப் போட்டுப் பாலிஷ் பிடித்தால் புதுசு. சிவப்பு ஆக்சைடு தரையைப் பெயர்த்து எடுக்க முடியாது, இருக்கிற இடத்தில் வைத்தே வெடிப்பை அடைத்து மெழுகு தேய்க்க வேண்டும். அதன்மேல் வழுக்குகிற டைல்ஸ் ஒட்டுவது வாடகையை உயர்த்துமா என்றால், கொஞ்சம் உயர்த்தும். ஒப்புக்கொள்கிறேன்.

குடித்தனக்காரர் தலையில் கட்டக் கூடாதவை

பழசைக் காப்பாற்றுகிற ஆர்வம் மின்சாரத்தில் கால் வைக்கக் கூடாது. மரச் சட்டத்தில் ஓடும் பழைய வயரிங், பீங்கான் ஃப்யூஸ் கட்டை, கறுப்பு பேக்லைட் சுவிட்சு, இவை கண்ணுக்கு அழகு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். குடியிருக்கும் வீட்டில் புது வயர், எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். இதில் மிச்சம் பிடிப்பவர் அடுத்தவர் உயிரில் மிச்சம் பிடிக்கிறார்.

பழைய ஃபேன் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். “நாப்பது வருசமா ஓடுது, ஒண்ணும் ஆகலை” என்று எண்ணெய் போட்டு மாட்டிவிடுவார்கள். ஓடும், உண்மை. பழைய ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில் கணக்கில் 67 யூனிட்டுக்கு மேல். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்று தரும், 27 யூனிட். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் பழசு 200 யூனிட்டைத் தாண்டும், புதுசு 81-இல் நிற்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற தமிழ்நாட்டில் இது பெரிய வித்தியாசம். வீட்டுக்காரர் ஃபேனில் மிச்சம் பிடித்த காசை, குடியிருப்பவர் மின்வாரியத்துக்குத் தவணையில் கட்டிக்கொண்டிருப்பார்.

தண்ணீர்ச் சாமானில் பாதிக்குப் பாதி. கனமான பித்தளைக் குழாய்க்கு வாஷர் மாற்றினால் இன்னொரு தலைமுறை ஓடும், இன்றைய முலாம் பூசிய குழாயை அதன் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் சுவருக்குள் போகும் பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துரு கட்டி விரல்கூட நுழையாமல் இருக்கும், அதைத் தூக்கி எறியத்தான் வேண்டும். குளியலறைக் கதவுக்கு பி.வி.சி. போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தினமும் நனைகிற இடத்தில் தேக்கை நிறுத்தி வதைப்பானேன்?

கவனிக்காமல் விடுவது பெயின்ட். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பூச்சு என்று பச்சை, நீலம், மறுபடி பச்சை என ஏறிய கதவுகள் உண்டு. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈயத்தூள் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவே பழைய கதவை ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், உலர்ந்த உப்புத்தாளை மெஷினில் மாட்டித் தேய்க்கக் கூடாது, தீ காட்டி உருக்கவும் கூடாது. சுரண்டியதைச் சாக்கில் அள்ளிக் கட்ட வேண்டும். குடித்தனம் இருக்கும்போதே வளவு முற்றத்தில் இந்த வேலையைச் செய்வது பெரிய தப்பு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படித்தான், உடைக்காமல் முழுசாக இறக்கி ஒதுக்க வேண்டும், வெட்டிச் சின்னதாக்கிக் கோழிக்கூட்டுக்குப் போடுகிற வேலை வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம், பதிவு என்பதோடு, யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதற்கு அதில் ஒரு அட்டவணையே உண்டு. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. நன்றாகக் கவனித்தால், சீக்கிரம் உடைகிற சாமான் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. மட்டமான கைப்பிடியை வைத்தவர் ஒருவர், மாற்றுகிறவர் இன்னொருவர். குடிவரும் முன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பதைவிடக் கதவுப் பூட்டைத் திருகிப் பார்ப்பது உத்தமம். பழைய சாமான் எதெது, எந்த நிலையில் இருந்தது என்று ஒப்பந்தத்தோடு நாலு படமும் ஒரு பட்டியலும் சேர்த்துக்கொண்டால், காலி செய்யும்போது ‘இந்த வெடிப்பு ஏற்கெனவே இருந்ததா’ என்கிற சண்டை வராது.

கொழும்பில், திருவனந்தபுரத்தில்

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் 33-ஆவது ஒழுங்கையில் இருந்த நாலு சின்ன வரிசை வீடுகளில் ஒன்றில் 1958-இல் ஆரம்பித்து, பத்து வருஷத்தில் நாலையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். அதற்குள் செட்டிநாட்டுத் தூணும் எங்கெங்கோ கழற்றிய கதவும் நிற்கின்றன. அவர் பாத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடே பின்னாளில் இடிபடவிருந்தபோது, கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து பாவாவின் தோட்டமான லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். நமக்குக் கூப்பிடு தூரத்தில், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தன் வீட்டையே பழைய மரம், உடைந்த ஓடு, பாட்டில் என்று கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொண்டார். பாவாவின் வீடு பார்க்கப் போகிற இடம், பேக்கரின் வழி நாம் செய்யக்கூடிய காரியம்.

நம் ஊர் வீடு ஒன்றும் முழுசாகப் பயணப்பட்டிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறந்த தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில், திருநெல்வேலிச் சீமை ஆம்பூர் அக்ரஹாரத்து வீடு நிற்கிறது. டிக்கெட் வாங்கிப் போய் நம் தார்சாவைப் பார்த்து வரலாம்.

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டு மரம் வேறு, கோயில் மரமும் கல்லும் வேறு. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய் 2019-இல் தான் திரும்பினார். சிற்ப வேலை உள்ள துண்டு ஒன்று கடையில் மலிவாக நின்றால், எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டுவிட்டு ரசீது வாங்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுவது நல்லது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளுக்கு 1972-ஆம் வருஷச் சட்டம் தனியாக இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் இந்த விவாதத்தில் ஒரு சாட்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணித் தண்ணீர் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஏறி கலெக்டர் அலுவலகத்துக்குள்ளும் புகுந்தது. தண்ணீர் வடிந்த வீட்டில் அமுக்குப் பலகை அலமாரியும் மட்டமான ஃப்ளஷ் கதவும் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டால் மறுபடி ஒட்டாது. முழுமரக் கதவுக்குச் செய்ய வேண்டியது, சேற்றைக் கழுவி நிழலில் நிமிர்த்தி வைத்துப் பொறுமையாகக் காயவிடுவது. வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளும். பி.வி.சி.யும் உப்பாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதன் கீல் பிய்ந்தால் ஆசாரியால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆசாரி கூலிதான் உண்மையான தடை. பழைய நிலையைச் சுரண்டி, ஆணி பிடுங்கி, கால் மாற்றி நிறுத்த ஆகும் நாளில் கடையில் வாங்கிய கதவை நாலு மாட்டிவிடலாம். பொருளுக்குக் கொடுத்த காசு கூலிக்கு மாறுகிறதே தவிர, எப்போதும் குறைகிறது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூலி பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள ஓர் ஆசாரி வீட்டு அடுப்புக்குப் போகிறது, பிளாஸ்டிக் கதவின் விலை வேறு எங்கோ போகிறது. எனக்கு இதில் சார்பு உண்டு, மறைக்கவில்லை.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது இடிப்பு ஒப்பந்தம் பேசும் அன்றைக்கே முடிந்துவிடும். எந்தெந்த நிலை, எத்தனை ஜன்னல், எவ்வளவு முழுச் செங்கல், எந்த உத்திரம் தன்னிடம் நிற்கும் என்று எழுதி, சுண்ணாம்பால் மரத்தின்மேல் எண் போட்டுவிட வேண்டும். கதவுக்கும் அதன் நிலைக்கும் ஒரே எண். இடிக்கத் தொடங்கிய பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சாய்ப்பு இல்லாதவர்களுக்குத்தான் சிக்கல், அதை மாநகராட்சிதான் தீர்க்க முடியும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1916-இலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால் பிரித்தே இறக்க வேண்டும் என்று 2016-இல் சட்டம் போட்டார்கள். பிரித்த மரத்தை விற்கத் தனிக் கடைகள் அங்கே உண்டு. நம் நாட்டிலும் இடிபாட்டைத் தனியாகச் சேகரிக்க உள்ளாட்சிகள் இடம் ஒதுக்க வேண்டும் என்று அதே 2016-இல் விதி வந்தது. நெல்லைக்கு வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை: மண்டலத்துக்கு ஒரு கொட்டகை, பழைய நிலையையும் செங்கல்லையும் கொண்டுவந்து போட ஓர் இடம், எடுத்துப்போகிறவர் கொடுக்கும் விலையில் பராமரிப்பு. கொட்டகைக்கு ஓடும் கைமரமும் முதல் வாரத்திலேயே அங்கே வந்து சேர்ந்துவிடும்.